வாண்டாவுக்கும் இடமாற்றம்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுப் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பக்கத்துக்கு, 'வீட்டில் ஓர்கிட் வளர்ப்பது எப்படி' என்று அறுநூறு சொல்லில் கட்டுரை கேட்டார்கள். ஓர்கிட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: கல்யாண மேடையில் வைப்பார்கள், தொட்டால் திட்டுவார்கள். அதனால் மாத்தளை டவுனில் ஓர்கிட் வளர்ப்பவர் யாரென்று மூன்று பேரிடம் விசாரித்தேன். மூன்று பேரும் மேனகா என்ற ஒரே பெயரைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு மூன்று பேரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். கட்டுரை அந்த இடத்தில் செத்தது.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்களை மறைக்க விரும்பவில்லை.

முதலாவது: 'ஓர்கிட் என்பது வெப்பமண்டலக் காடுகளில் மரங்களைப் பற்றிக்கொண்டு வளரும்—' எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

இரண்டாவது: 'மேனகா அழகானவள்.' (அடித்துவிட்டேன். இதை அவள் வாசிப்பாள். வாசித்துவிட்டு, "அத சொல்ல ஒரு கட்டுரையா?" என்று கேட்பாள்.)

மூன்றாவது: 'ஆறு வருடமாகப் பூக்காத ஒரு செடியும், ஆறு நாளில் புறப்படச் சொல்லும் ஒரு கடிதமும் ஒரே சமையலறையில் சந்தித்துக்கொண்டன.' கொஞ்சம் மினுக்குத்தான். ஆனால் தகவல் சரி. இங்கிருந்தே தொடங்குகிறேன்.

2

மேனகாவுக்கு முப்பத்தெட்டு வயது. மாத்தளையில் ஓர் அரச அலுவலகத்தில் பதினான்கு வருடமாக ஒரே நாற்காலியில் வேலை. கணவர் சுதர்ஷன் தையல் மெஷின் திருத்துகிறவர். மகள் விதுஷாவுக்குப் பன்னிரண்டு வயது. வீடு, கடைகளுக்குப் பின்னால் போகும் ஓர் ஒடுக்கமான சந்தில்.

அந்தச் செடியைக் கொண்டுவந்தவர் சுதர்ஷன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மெஷின் திருத்தக் கலேவெலைக்குப் போனவர், புயல் காற்றில் விழுந்த பெரிய மரமொன்றை ரோட்டிலிருந்து வெட்டி அகற்றுவதைப் பார்த்தார். ஒரு கொப்பில் வாள் மாதிரி இலைகளோடு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கொப்புகளைக் குவித்து நெருப்பு வைக்கப்போகிறார்கள். சுதர்ஷன் அதை உரித்தெடுத்து ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு வந்தார்.

"பூ வாங்கிட்டே வரமாட்டேங்கிறீங்கன்னு சொன்னியே. இந்தா, செடியோடயே கொண்டாந்திருக்கேன். எடுத்துக்க."

மேனகா படமெடுத்து ஓர்கிட் வளர்ப்பவர்களின் பேஸ்புக் பக்கத்தில் போட்டாள். வாண்டா என்ற ஓர்கிட் வகை என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அது வீட்டில் நாலாவது ஆள்.

என்னதான் செய்யவில்லை அவள்! ஓட்டை போட்ட சட்டி வாங்கினாள். தேங்காய் மட்டையைத் துண்டு துண்டாக வெட்டி ஊறப் போட்டுக் காயவைத்து நிரப்பினாள். நடுவில் கரித்துண்டு வைத்தாள். அரிசி கழுவிய தண்ணீர் தெளித்தாள். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீர் தெளித்தாள், எறும்பு வந்தது. யாரோ சொன்னார்கள் என்று பாட்டுக்கூடப் போட்டாள். ஆறு வருடத்தில் ஏழு இலை பதினேழு இலையானது. பூ மட்டும் வரவில்லை.

"இது ஓர்கிட் இல்ல, வெங்காயத்தாள்" என்பார் சுதர்ஷன். "அரிஞ்சு முட்டையில போட்டுப் பொரிச்சுருவோம்."

சந்தில் இருந்தவர்களெல்லாம் போகவர, "என்னா மேனகா, பூத்திருச்சா?" என்று கேட்பதை ஒரு வழக்கமாக வைத்திருந்தார்கள். நான் விசாரித்த மூன்று பேரும் ஏன் சிரித்தார்கள் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

(கட்டுரைக்காக எழுதி வைத்தது, வீணாக்க மனமில்லை: வாண்டாவுக்கு மண் வேண்டாம். வேருக்குக் காற்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சம் வேண்டும். கிளைகளுக்கிடையால் சல்லடை போட்டு விழுகிற வெயில், நாளில் பாதி நேரமாவது. மேனகாவின் சந்தில், இரண்டு சுவர்களுக்கு நடுவில், வெயில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் வரும். அதுவும் எதிர்வீட்டார் துணி காயப்போடாத நாளில்.)

டிசம்பர் கடைசியில் கடிதம் வந்தது. ஜனவரி முதல் வேலைநாளில் வில்கமுவப் பக்கத்தில், விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையம் ஒன்றில் கடமையேற்க வேண்டும்.

"ஏங்க, வில்கமுவ எங்க இருக்கு?"

"மாத்தளை மாவட்டத்துலதான்."

"அது எனக்கும் தெரியும். எங்க இருக்கு?"

சுதர்ஷன் போனில் மெப் பார்த்தார். விரலால் தள்ளினார். இன்னும் தள்ளினார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

விதுஷா அழவில்லை. "ஸ்கூலுக்கு எனக்கு யாரும்மா தலை பின்னி விடுறது?" என்று மட்டும் கேட்டாள். அன்று முழுக்க மேனகாவைக் குடைந்தது அந்தக் கேள்விதான்.

3

செடியை அவள் முதலில் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனாள். இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். "காலைல மட்டும் தண்ணி தெளிங்க. வேர்ல. இலைக்கு நடுவுல தேங்க விடாதீங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால், நடு இலைகள் இரண்டு கறுத்துக் கூழாகியிருந்தன. தொட்டதும் கையோடு வந்தன.

"என்னாங்க செஞ்சீங்க?"

சுதர்ஷன் தலையைச் சொறிந்தார். "நீ இல்லாம வாடிருமோன்னு பயந்துட்டேன். காலைல, பகல்ல, சாயங்காலம்னு மூணு வேளையும் ஊத்தினேன். மருந்து மாதிரி."

கோபத்தில் வாயைத் திறந்த மேனகா, விதுஷாவின் தலையைப் பார்த்தாள். இரண்டு பின்னல். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கீழே. மெஷின் திருத்துகிற கையால், பொபின் நூல் சுற்றுவதுபோல இறுக்கிப் பின்னியிருந்தார். பிள்ளையின் புருவம் இரண்டும் மேலே இழுபட்டு, எப்போதும் ஆச்சரியப்படுவது போல இருந்தாள்.

மேனகா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ அழுகையாகிவிட்டது. மூன்று பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அழுகிய இடத்தைச் சவர அலகால் வெட்டி, வெட்டிய இடத்தில் கறுவாப்பட்டைத் தூளை அப்பினார்கள்.*

* இது உண்மையான வைத்தியம். கறுவாத்தூள் பூஞ்சணத்தைத் தடுக்கும். வெட்டுக்காயத்தில் மட்டும் போட வேண்டும். வேரில் போட்டால் வேர் காய்ந்துவிடும். மாத்தளைக்காரர்களுக்குக் கறுவா எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது, மேனகாவின் ஒரு கையில் உடுப்புப் பை. மற்றக் கையில் வாளி. வாளிக்குள் வாண்டா.

4

அடுத்தது பஸ். இரத்தோட்டை வழியாக மலையேறி, பனிமூட்டத்துக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து அந்தப் பக்கம் இறங்கும் பயணம். நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும். இதை நான் நன்றாக எழுதியிருந்தேன். அதே பஸ்ஸில், மேனகாவுக்குப் பக்கத்து சீட்டில், தற்செயலாக நானும் உட்கார்ந்திருந்தேன். அவள் வாளியை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தாள். நான் கேட்டேன்—

எழுதியவரை அவளுக்கு அனுப்பியிருந்தேன். இதைப் படித்துவிட்டு மேனகா போன் எடுத்தாள்.

"அக்கா, நீங்க எங்க இருந்தீங்க அந்த பஸ்ஸுல?"

"கதைக்காக..."

"என் பக்கத்துல கோழிக்குஞ்சுப் பெட்டியோட ஒரு ஐயா உக்காந்திருந்தாரு. அவரைத் தூக்கிப் போட்டுட்டு நீங்க உக்காந்துட்டீங்களா? பாவம், குளிர்ல குஞ்செல்லாம் சத்தம் போடுதுன்னு என் சால்வையக் குடுத்தேன். அத எழுதுங்க."

சரி. நான் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறேன். சால்வை, குஞ்சுகளுக்கு. முந்தானை, செடிக்கு. மேனகாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மலையைத் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. ஆனால் அது சூடான மழை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். பஸ் நின்ற இடத்தில் சேறு கணுக்கால் வரை.

5

அவள் தங்கியது ரம்யலதா என்ற சிங்களப் பெண்ணின் வீட்டில், வெளிப்பக்கம் வாசலுள்ள ஓர் அறையில். ரம்யலதாவுக்கு மேனகாவைவிட இரண்டோ மூன்றோ வயது கூட. கணவர் வெளிநாட்டில். மூன்று ஏக்கர் வயலைத் தானே பார்க்கிறாள், லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினைத் தானே ஓட்டுகிறாள். மேனகாவை 'மிஸ்' என்று கூப்பிட்டாள். (இருவரும் பேசிக்கொண்டது சிங்களத்தில். இங்கே தமிழில் தருகிறேன். ரம்யலதாவின் குரல் உரத்த குரல் என்பதை மட்டும் வாசகர் தாங்களே சேர்த்துக்கொள்ளவும்.)

செடி வந்த மூன்றாம் நாள் மேனகா வேலை முடிந்து வந்தாள். சட்டி கவிழ்ந்து கிடந்தது. தேங்காய் மட்டைத் துண்டுகள் அடுப்படியில், எரிப்பதற்குத் தயாராக. செடியைக் காணவில்லை.

"எங்கே என் செடி?"

ரம்யலதா முற்றத்து வேப்பமரத்தைக் காட்டினாள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கவட்டில், பழைய சாரிக் கிழிசலால் வாண்டாவைச் சுற்றிக் கட்டியிருந்தாள். வேர்கள் அம்மணமாகத் தொங்கின. மழை நேரே அதன்மேல் பெய்தது.

"மிஸ், இதைப் போய் யாராவது சட்டியில் வைப்பார்களா? குளத்துப் பக்கம் வந்து பாருங்கள். மரத்துக்கு மரம் இருக்கிறது. எங்களூர்ச் செடி இது."

மேனகாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. செடி செத்துவிடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய அவமானம் மறுபக்கம். ஆறு வருடமாகப் பிறநாட்டு ராஜகுமாரியைப் போல அவள் சீராட்டியது, இங்கே மாடு மேயும் இடத்தில் கேட்பாரற்று வளர்கிறது! அரிசி கழுவிய தண்ணீரும் பாட்டும் எதற்கு?

"என்னைக் கேட்காமல் என் சாமானைத் தொட்டது பிழை" என்றாள்.

"தொட்டால்தானே உயிரோடு இருக்கும்" என்றாள் ரம்யலதா.

பதினொரு நாள் இருவரும் பேசவில்லை. சோற்றுத் தட்டு கதவுக்கு வெளியே வரும். கழுவிய தட்டு திரும்பிப் போகும். மேனகா மரத்தில் ஏறிச் செடியை இறக்கியிருக்கலாம். ஏன் இறக்கவில்லை என்று கேட்டேன். "சாரியோட மரத்துல ஏறச் சொல்றீங்களா அக்கா?" என்றாள். பிறகு, "ஏணி ரம்யாகிட்டதானே இருந்துச்சு. கேக்கணுமே" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, பல் விளக்கிக்கொண்டு மரத்தடியில் நின்றவள் அண்ணாந்து பார்த்தாள். வெள்ளை வேர் ஒன்றின் நுனியில், தீக்குச்சி மருந்தளவு பச்சை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அந்த இரண்டாவது நுனி பட்டையின் வெடிப்புக்குள் வளைந்து நுழைந்திருந்தது. ஆறு வருடத்தில் அந்தச் செடி எதையும் பிடித்ததை அவள் பார்த்ததில்லை.

வாயில் பற்பசை நுரையோடு ரம்யலதாவின் கதவைத் தட்டினாள்.

"அக்கே, வேர் விட்டிருக்கு."

ரம்யலதா வந்து பார்த்தாள். "விடாமல் என்ன செய்யும்?" என்றாள். பிறகு, "வாயைக் கழுவு நங்கி. பால்சோறு வைத்திருக்கிறேன்" என்றாள். 'மிஸ்' போய்த் தங்கச்சி வந்தது அன்றுதான்.

6

(நீக்கப்பட்டது.)

இந்த இடத்தில் இரண்டு பக்கத்துக்கு ஒரு யானை இருந்தது. வில்கமுவ என்றால் யானை வர வேண்டும் என்று கொழும்பு வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். என் யானை வேலியை உடைத்துக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் நின்று, செடியை உற்றுப் பார்த்து—

மேனகா: "யானை வந்தது நெசம். ரோட்டுக்கு அந்தப் பக்கம். என் செடியத் திரும்பியும் பாக்கல. வெட்டுங்க."

வெட்டிவிட்டேன்.

7

நிஜத்தில் வந்தது குரங்கு.

பெப்ரவரிக்குப் பிறகு மழை நின்றது. வெயில் ஏறியது. மேனகாவின் மூக்கு உரிந்தது. செடியின் இலைகளோ, கரும்பச்சை போய் இளமஞ்சள் கலந்த பச்சைக்கு வந்தன. (கட்டுரை: இது நோயல்ல. கரும்பச்சை இலை பார்க்க அழகு. ஆனால் வெளிச்சம் போதாது என்று அர்த்தம்.) காய்ந்த மாதங்களில் காலையில் ஒரு முறை வேர் பச்சையாகும் வரை தெளித்தாள். வெள்ளையாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. வாரத்துக்கொரு தடவை, போத்தலில் எழுதியிருக்கும் அளவில் கால்வாசி உரம். அவ்வளவுதான். பாட்டுப் போடுவதை விட்டுவிட்டாள்.

இடமாற்றத்தை ரத்துச் செய்யக் கேட்டு ஜனவரியிலேயே மேன்முறையீடு அனுப்பியிருந்தாள். பதில் இல்லை. மார்ச்சில் இன்னொன்று அனுப்பினாள். வெள்ளி வெள்ளி வீட்டுக்குப் போனாள். பஸ் தவறிய வெள்ளிகளில் ரம்யலதா லேண்ட்மாஸ்டரில் ஏற்றி, பெரிய ரோடு வரை கொண்டுபோய் விட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸும் இல்லை, ரம்யலதாவும் ஊரில் இல்லை. அன்று விதுஷா போனில், "பரவால்லம்மா, அப்பா இப்ப நல்லாப் பின்னுறாரு" என்றாள். ஆறுதல் சொல்லத்தான் சொன்னாள். மேனகாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. தன்னை இனி யாரும் தேடமாட்டார்கள் போல இருந்தது. அந்தச் சனியும் ஞாயிறும் அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்தாள்.

ஜூலையில், இலைக்கும் தண்டுக்கும் நடுவில் ஏதோ முளைத்தது. அது இன்னொரு வேராக இருக்கும் என்று நினைத்தாள். ஒரு வாரத்தில் அது மேல்நோக்கி வளைந்தது. வேர் மேலே போகாது. நுனியில் மொட்டு மணிகள் தெரிந்தன. மேனகா வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"ஏங்க! காம்பு வந்திருக்கு! பூக்காம்பு!"

"எந்த வெங்காயத்துக்கு?" என்று கேட்டார் சுதர்ஷன். ஆனால் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார் என்று பிறகு விதுஷா காட்டிக்கொடுத்தாள்.

மொட்டுகள் கடலை அளவுக்கு வந்த நாளில், பட்டப்பகலில், ஒரு பெண் குரங்கு வேப்பமரத்தில் வந்து உட்கார்ந்து, காம்பை முறித்து, மொட்டை ஒவ்வொன்றாகக் கிள்ளித் தின்றது. மேனகா குடையோடு ஓடினாள். குரங்கு மிச்சக் காம்பை அவள்மேல் எறிந்துவிட்டுக் கூரைக்குப் போனது.

மேனகா காம்பைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள். ஏழு மாதமாகப் பல்லைக் கடித்துப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் அன்று வந்தது. குரங்கைத் திட்டினாள், கடிதம் அனுப்பியவரைத் திட்டினாள், கலேவெலையில் அன்று அடித்த புயலைத் திட்டினாள். ரம்யலதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைசியில், "நெல் போனால் அடுத்த போகம் இல்லையா?" என்று கேட்டாள். அதைச் சொல்லிவிட்டுத் தானும் அழுதாள். அவள் எதற்கு அழுதாள் என்று மேனகா கேட்கவில்லை. அதனால் எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாததை நான் இதில் எழுதப்போவதில்லை.

மறுநாள் ரம்யலதா பழைய மீன்வலை ஒன்றைக் கொண்டுவந்து, அந்தக் கொப்பைச் சுற்றிக் கூண்டு மாதிரிக் கட்டினாள்.

8

செப்டெம்பரில் இரண்டாவது காம்பு வந்தது. ஒன்பது மொட்டு. அடி மொட்டு நிறம் மாறத் தொடங்கிய செவ்வாய்க்கிழமை, கடிதமும் வந்தது. இடமாற்றம் ரத்து. ஒக்டோபர் முதலாம் திகதி மாத்தளையில், பழைய நாற்காலியில்.

கதைக்கு முடிவு கட்ட வேண்டிய இடம் இது. நான் இரண்டு முடிவு எழுதினேன்.

முடிவு அ: மேனகா செடியோடு மாத்தளைக்குத் திரும்புகிறாள். கோவில் திருவிழாவன்று சந்து முழுக்க மணக்கப் பூக்கிறது. கேலி செய்த அத்தனை பேரும் வாயடைத்து நிற்கிறார்கள்.

முடிவு ஆ: மேனகா கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள். வில்கமுவையிலேயே தங்கிவிடுகிறாள். செடியைப்போல அவளும் அந்த மண்ணில்—

"அக்கா" என்றாள் மேனகா போனில், "உங்களுக்கு என்னா, பைத்தியமா? என் புள்ளைக்குப் பன்னிரண்டு வயசு. கடிதம் வந்த அன்னைக்கே நான் பெட்டி அடுக்கிட்டேன். செடி பூத்தா நானும் பூக்கணும்னு யாரு சொன்னது? எனக்கு அங்க கொசுக்கடிதான் மிச்சம்."

"அப்போ முடிவு அ?"

"எங்க சந்துல வெயிலு எங்கக்கா இருக்கு?"

ஆகவே நடந்ததையே சொல்கிறேன்.

சாமான் தூக்க சுதர்ஷனும் விதுஷாவும் ஞாயிற்றுக்கிழமை வில்கமுவைக்கு வந்தார்கள். காலையில் மூன்று பூ விரிந்திருந்தது. ரம்யலதா மீன்வலையை விலக்கினாள். விதுஷா நாற்காலியில் ஏறிப் பார்த்தாள். கல்யாண மண்டபத்து ஊதாப் பூக்களை எதிர்பார்த்திருந்தவள் அவள்.

"இவ்ளோ சின்னதா? என்னாம்மா, அப்பா கட்டுற பழைய சாரம் மாதிரிக் கட்டம் கட்டமா இருக்கு!"

உண்மைதான். மங்கிய மஞ்சளில் தவிட்டு நிறக் கட்டங்கள், வெளுத்த சாரமேதான். நடுவில் மட்டும் ஒரு நீல ஊதா நாக்கு. "கிட்டப் போய் மோந்து பாரு" என்றாள் மேனகா. விதுஷா மூக்கை வைத்தாள். அப்புறம் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். சுதர்ஷன் கெஞ்சி இடம் வாங்கி ஏறினார். முகர்ந்தார். ஆறு வருடம் கேலி செய்த மனுஷன் இன்னொரு தடவையும் முகர்ந்தார்.

"நெருப்பு வைக்கப் பாத்தாங்களே இத" என்று மட்டும் சொன்னார்.

சாப்பாடானதும் ரம்யலதா கைவாளோடு வந்தாள். "கொப்பை வெட்டித் தருகிறேன் நங்கி. வேர் உரியாமல் மரத்துண்டோடு கொண்டு போ. எனக்கு வேறு கொப்பு இருக்கிறது."

மேனகா ஏணியில் ஏறினாள். சாரியோடுதான் ஏறினாள், நான் எதுவும் கேட்கவில்லை. வேர்கள் பென்சில் தடிப்பில், ஒரு முழத்துக்கு மேல் நீளத்தில், கவட்டிலிருந்து தண்டுக்கு, தண்டிலிருந்து அடுத்த கொப்புக்கு ஓடியிருந்தன. ஒன்றை விரலால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. எந்தக் கொப்பை வெட்டினாலும் பாதி வேர் இங்கே நின்றுவிடும். கீழே மூன்று பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் அங்கே கொஞ்ச நேரம் இருந்தாள். என்ன நினைத்தாய் என்று கேட்டேன். "ஒண்ணும் நினைக்கல. வாசமா இருந்துச்சு. இறங்க மனசு வரல" என்றாள்.

"வேணாம் அக்கே" என்று மேலிருந்து சொன்னாள். "வாளை உள்ள வைங்க."

மாத்தளை பஸ்ஸில் ஏறிய பிறகும் அவள் அழவில்லை. விதுஷாதான் அழுதாள், வாளி வெறுமையாக இருக்கிறது என்று. சுதர்ஷன், "நாலு மணித்தியாலம்தானே. லீவுக்கு லீவு வருவோம்" என்றார். அந்தத் தூரத்தை அவர் 'தானே' போட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

9

கட்டுரைக்கான கடைசிக் குறிப்பையும் தந்துவிடுகிறேன்: மரத்தில் வேர் பிடித்த வாண்டாவை இடம் மாற்றாதீர்கள்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நவம்பரில், மேனகா மாத்தளை அலுவலகத்தில் இருக்கும்போது, ரம்யலதாவிடமிருந்து போன் வந்தது. மேனகா கேட்டாள், நாற்காலியை விட்டு எழுந்தாள், "முழுகாம இருக்காளாம்! முழுகாம இருக்காளாம்!" என்று கத்தினாள். பக்கத்து மேசை ஜஸ்லா ஓடிவந்து கட்டிப்பிடித்து, "மாஷா அல்லாஹ்! யாரு, நாத்தனாரா?" என்று கேட்டாள். செடி என்று விளக்கப் பத்து நிமிடம் எடுத்தது. விளக்கிய பிறகும் ஜஸ்லா அன்று பின்னேரம் எல்லோருக்கும் டொபி வாங்கிக் கொடுத்தாள்.

ஒன்பது பூவில் எட்டு உதிர்ந்துவிட்டது. ஏதோ ஒரு தேனீ சரியாக வந்துபோன ஒரு பூ மட்டும் உதிராமல், அடியில் பச்சையாகப் பருத்து, காயாகிவிட்டது. சட்டியில் வளர்ப்பவர்கள் அநேகமாகப் பார்க்காத காரியம் இது. காய் முற்றப் பல மாதம் செல்லும். உள்ளே லட்சக்கணக்கில் விதை, பவுடர் மாதிரி. வெடித்ததும் காற்றோடு போய்விடும். அந்த விதைக்குள் ஆகாரம் கிடையாது. சரியான மரத்தில், சரியான ஈரத்தில், சோறு ஊட்ட ஒரு பூஞ்சணம் காத்திருக்கும் இடத்தில் விழுந்தால்தான் முளைக்கும். லட்சத்தில் ஒன்றோ, அதுவும் இல்லையோ.

இதை எழுதும்போது ஏப்ரல் மாதம். காய் விரல் நீளம். இன்னும் வெடிக்கவில்லை. கட்டுரை எங்கே என்று பத்திரிகையிலிருந்து கேட்டுவிட்டார்கள். கட்டுரை இல்லை, கதை இருக்கிறது, முடிவு வெடிக்கவில்லை என்றேன். அவர்கள் போனை வைத்துவிட்டார்கள்.

மேனகாவைக் கேட்டேன், எப்போது வெடிக்கும் என்று.

"அது என்னா சோறா அக்கா, வெந்திருச்சானு திறந்து பாக்க? அது பாட்டுக்கு வெடிக்கும்."

நீங்கள் இதை வாசிக்கும் நாளில் அது வெடித்திருக்கலாம். அல்லது ஒரு பெண் குரங்குக்கு வலையை அவிழ்க்கத் தெரிந்திருக்கலாம். இரண்டில் எது என்று நான் எழுதப்போவதில்லை. சில வருடம் கழித்து, தம்புள்ளையிலோ மஹியங்கனையிலோ, நிழலுக்காக ஒரு மரத்தடியில் ஒதுங்கும்போது அண்ணாந்து பாருங்கள். பழைய சாரத்தின் கட்டம் போட்ட சின்னப் பூ ஒன்று இருந்தால் மூக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள். கை மட்டும் வைக்காதீர்கள். பிறகு மாத்தளைக்கு ஒரு போன் எடுத்து, எந்த ஊர், எந்த மரம் என்று சொல்லுங்கள். மேனகா நாலு மணித்தியாலம்தானே என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டு வருவாள். நானும் வருவேன், இந்தத் தடவை நிஜமாகவே பக்கத்து சீட்டில்.